அந்தக் குழி யாருடையது?

கடந்த மாரி மழையில், வன்னியிலுள்ள எங்கள் கிராமத்து வீதியில் எனது மோட்டார் சைக்கிள் குழியொன்றுக்குள் இறங்கியது. வெள்ளம் நின்றதால் குழி தெரியவில்லை. முன் றிம் வளைந்து ரயரும் கிழிந்தது. முழங்கைச் சிராய்ப்புடன் நான் தப்பினேன். கராஜ் பற்றுச்சீட்டுடன் பிரதேச சபைக்குப் போய் நட்டஈடு கேட்டேன்.

"அது எங்கட வீதி இல்லை" என்றார் உத்தியோகத்தர். அவர் அனுப்பிய அடுத்த அலுவலகத்தில், "அது சபையின்ர வீதி" என்றார்கள். அதே குழிக்குள் அன்றும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் இறங்கி ஏறின.

இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண நிர்வாகத்துக்கும், ஏனைய உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியவை. வீதியில் போகிறவருக்கு இந்தப் பிரிப்பு தெரிவதில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதுவே வசதியாகிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் விண்ணப்பித்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அவர் அறிவிக்க வேண்டும். இரண்டு கேள்விகள்தான் கேட்டேன்: இந்த வீதி யாருடைய பதிவேட்டில் உள்ளது? இக்குழி பற்றி முன்னர் முறைப்பாடு வந்ததா?

வீதி சபைக்குரியது என்று பதில் வந்தது. எழுத்து மூலமான முறைப்பாடு எதுவும் இல்லையாம்.

இரண்டாவது பதில்தான் என்னைச் சுட்டது. நட்டஈட்டு வழக்கில் சபையின் கவனயீனத்தை நாம் காட்ட வேண்டும். குழி இருப்பது தெரிந்தும் திருத்தவில்லை, எச்சரிக்கைப் பலகைகூட வைக்கவில்லை என்று நிறுவ வேண்டும். ஊர் முழுக்க ஏசிய குழி அது. ஆனால் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே சபைக்கு அது 'தெரியாது'.

ஏன் எழுதவில்லை? பக்கத்து வீட்டு அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கு மனு எழுதியவர். "றிம்முக்கும் கடிதமோ தம்பி?" என்று கேட்டார். உயிருக்கும் காணிக்கும் எழுதிய கடிதங்களுக்கே பதில் கிடைக்காத மக்கள் நாங்கள். அந்தக் களைப்பு நியாயமானது. ஆனால் அதன் பலனை அலுவலகங்களே அனுபவிக்கின்றன.

2018 ஒக்டோபருடன் வட மாகாண சபையின் காலம் முடிந்து, நிர்வாகம் ஆளுநரிடம் போனது. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றி இருந்தன. இப்போது தவிசாளரும் உறுப்பினர்களும் எங்கள் வாக்கில் வந்தவர்கள். அவர்களிடமே கேட்காவிட்டால் வேறு யாரிடம் கேட்பது?

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், குழியை அருகிலுள்ள அடையாளத்துடன் படமெடுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். வழக்கு என்றால், முன்கூட்டியே சபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; காலவரையறையும் குறுகியது. தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

எனக்கு இன்னும் ஒரு சதமும் கிடைக்கவில்லை. குழிக்குக் கிரவல் போட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு அது கரையும். ஆனால் எனது கடிதம் சபையின் கோவையில் இருக்கிறது. அடுத்து அங்கே விழுபவரிடம், "எங்களுக்குத் தெரியாது" என்று இனிச் சொல்ல முடியாது.