சுவீகாரம் எடுத்த பிள்ளைக்குச் சோறு போட்டார்களா?

பிரிட்டனில் 1992-ல் ஒரு புதுவிதப் பட்டம் ஆரம்பித்தார்கள். எஞ்சினீயரிங் டாக்டர் பட்டம் என்று அதற்குப் பெயர். மற்ற டாக்டர் பட்டங்களுக்குப் படிக்கிறவன் சர்வகலாசாலையில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறான். இந்தப் பட்டத்துக்குப் படிக்கிறவனோ, நான்கு வருஷத்தில் ஏறத்தாழ மூன்று வருஷ காலத்தைக் கம்பெனிக்குள்ளேயே கழிக்கிறான். அவனுடைய உபகாரச் சம்பளத்தில் ஒரு பங்கு சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. இன்னொரு பங்கைக் கம்பெனி கொடுக்கிறது. ஆராய வேண்டிய கேள்வி கம்பெனியின் தேவையிலிருந்து பிறக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் இதே ஏற்பாடு வேறு வேறு பெயர்களில் நடக்கிறது.

படிப்பும் தொழிலும் கை கோர்ப்பது கெட்ட காரியமல்ல. தறியைக் கண்ணால் பாராதவன் நெசவைப் பற்றி நூல் எழுதுவதைவிட, தறி மேடையில் நின்று எழுதுவது எவ்வளவோ மேல். ஆனால், கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

மோட்டார் தொழிலில் இந்த ஆராய்ச்சிகள் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி ஒன்று உண்டு. ‘பிளக்-இன் ஹைபிரிட்’ என்ற காரை ஜனங்கள் வாங்குவார்களா, மாட்டார்களா? வாங்காதவன் ஏன் வாங்கவில்லை? எத்தனை பவுன் குறைத்தால் வாங்குவான்? இதற்கு ஆங்கிலத்தில் இட்டிருக்கும் பெயர் வேடிக்கையானது. பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கிறார்களே, அதே சொல்லைத்தான் காருக்கும் போட்டிருக்கிறார்கள்!

அது என்ன கார்? கிராமத்துத் தோழனுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு கிணற்றில் கரண்ட் மோட்டாரும் இருக்கிறது, ஆயில் எஞ்சினும் இருக்கிறது. எது வசதியோ அதைப் போட்டுத் தண்ணீர் இறைக்கலாம். இந்தக் காரும் அப்படித்தான். ராத்திரி வீட்டில் பிளக்கைச் செருகி பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றினால், மறுநாள் முப்பது நாற்பது மைல் புகையில்லாமல் ஓடும். ஏற்றாவிட்டால் பெட்ரோலில் ஓடும். அப்போது பாட்டரியின் பளுவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடும்.

பிரிட்டிஷ் சர்க்கார் 2011 ஜனவரி முதல், பிளக் போட்டு ஓட்டும் கார் ஒவ்வொன்றுக்கும் 5,000 பவுன் வரை மானியம் கொடுத்தது. 2014-ல் மிட்ஸுபிஷி கம்பெனியின் அவுட்லாண்டர் என்ற பிளக்-இன் கார் அங்கே வந்து இறங்கியது. சுமார் 1,800 கிலோ எடையுள்ள பெரிய வண்டி. ஒரு காலன் பெட்ரோலில் 148 மைல் ஓடும் என்று சோதனைச் சாலை சர்டிபிகேட் கொடுத்தது! கிலோமீட்டருக்கு 44 கிராம் கரியமில வாயுதான் வரும் என்றது. அந்த 44 கிராமுக்காக மானியம், சாலை வரி விலக்கு, லண்டன் நகருக்குள் நுழையும் கட்டணத்திலிருந்து விலக்கு எல்லாம் கிடைத்தன. கம்பெனி செலவில் கார் வைத்திருக்கும் அதிகாரிக்கு அந்த வருஷம் காரின் விலையில் 5 சதவிகிதத்தைத்தான் வருமானமாகக் கணக்கிட்டு வரி போட்டார்கள். அதே அளவு டீசல் காருக்கு அது 20 சதவிகிதத்துக்கு மேல். கார்கள் பறந்தன. ‘ஜனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்’ என்று எழுதிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்?

சுவீகாரம் முடிந்தது. பிள்ளைக்குச் சோறு போட்டார்களா?

2018-ல், கம்பெனிகளின் எரிபொருள் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு பிரிட்டிஷ் ஸ்தாபனம் சுமார் 1,500 பிளக்-இன் கார்களின் பெட்ரோல் பில்களைக் கூட்டிப் பார்த்தது. சர்டிபிகேட்படி சராசரி காலனுக்கு 130 மைல் ஓட வேண்டும். ஓடியதோ 40 மைல்கூட இல்லை. சில கார்களைத் திருப்பி ஒப்படைத்தபோது, மின்சாரம் ஏற்றும் வயர் சுற்றிய உறைகூடப் பிரிக்கப்படாமல் பின்பெட்டியில் கிடந்ததாம்! அந்த வருஷ நவம்பரில் இந்த வகைக் கார்களுக்கான மானியத்தை சர்க்கார் நிறுத்தியது. அதற்கு முன் ஏழரை வருஷத்துக்கு மேல் கொடுத்தது கொடுத்ததுதான். பஸ்ஸில் போகிறவன் கட்டிய வரியும் அதில் சேர்த்தி.

அந்த அதிகாரிகளெல்லாம் அயோக்கியர்களா? அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்தால் விஷயம் பிடிபடாது. மறுபடி நம் கிணற்றடிக்கு வருவோம். டீசல் செலவு பண்ணையார் கணக்கில், கரண்ட் பில் உன் கணக்கில் என்று வைத்துக்கொள். நீ எதை ஓட்டுவாய்? கம்பெனிக் கார் ஓட்டுகிறவரிடம் பெட்ரோல் போட ஒரு கார்டு இருக்கிறது. பணம் கம்பெனி கட்டுகிறது. வீட்டில் பிளக்கைச் செருகினால் மீட்டர் ஓடுவது அவர் வீட்டில். அவர் வயரைப் பிரிக்காததில் ஆச்சரியம் என்ன?

இதற்கு மாறான சாட்சியும் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் 2010 டிசம்பரில் செவர்லே வோல்ட் என்ற இதே ஜாதிக் கார் வந்தது. 2011 முதல் 2013 வரை, அந்நாட்டு சர்க்காரின் பணத்தில், ஐடஹோ தேசிய ஆராய்ச்சிக்கூடம் அந்தக் கார்கள் ஓடிய தூரத்தை அளந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மைல் மின்சாரத்திலேயே ஓடியிருந்தது! அங்கே கார் சொந்தக் கார், பெட்ரோலும் சொந்தப் பணம், வீட்டில் மின்சாரம் ஏற்றும் பெட்டியைத் திட்டமே மாட்டிக் கொடுத்தது. பாட்டரியும் பெரியது. ஆகவே, குற்றம் யந்திரத்தில் மட்டும் இல்லை. செலவை யார் தலையில் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

இந்த உண்மை எப்படி வெளிவந்தது என்று பாருங்கள். ‘வாங்குவீர்களா?’ என்று கேட்கும் வினாத்தாளிலிருந்து வரவில்லை. வாங்கியவன் வீட்டு வாசலிலும் பெட்ரோல் பில்லிலும் போய்ப் பார்த்ததால் வந்தது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் வளாகத்தில், அந்த மாநில சர்க்காரின் எரிசக்திக் கமிஷன் பணம் கொடுத்து, 2007-ல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். சாதாரணக் குடும்பங்களிடம் பிளக்-இன் காரை நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்துவிட்டு, தினமும் எப்போது செருகுகிறார்கள், எப்போது மறக்கிறார்கள் என்று குறித்தார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை செருகினார். இன்னொருவர் அபூர்வமாகத்தான் தொட்டார். விற்கிறவனுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அவசரமில்லை. அவன் லாபம் ஷோரூம் வாசலோடு முடிந்துவிடுகிறது. மானியம் கொடுத்த ஜனங்களுக்கோ வாசலைத் தாண்டிய பிறகுதான் கணக்கே ஆரம்பமாகிறது.

கம்பெனியில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யும் மாணவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனும் மாதச் சம்பளத்தை எதிர்பார்ப்பவன். அவனுக்கு மேலே ஒரு பேராசிரியர், அவரோடு ஒரு கம்பெனி மேற்பார்வையாளர். படிப்பு முடிந்ததும் அதே கம்பெனியில் வேலை கிடைக்காதா என்ற கவலை வேறு. அவன் எழுதும் ஆய்வு நூலைக் கம்பெனி கேட்டுக்கொண்டால் சில வருஷங்கள் பூட்டி வைக்கலாம் என்றும் விதி இருக்கிறது. வியாபார ரகசியமாம்! பாட்டரியின் ரசாயனத்தைப் பூட்டி வைக்கட்டும், புரிகிறது. ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கிய கார் மின்சாரத்தில் எத்தனை மைல், பெட்ரோலில் எத்தனை மைல் ஓடியது என்பது யாருடைய ரகசியம்? சர்க்கார் ஒரு பவுன் போட்டாலும், வாங்கிய பிறகு நடப்பதையும் ஆராய வேண்டும், எண்களை வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்க வேண்டும்.

சோதனைச் சாலையை நம்பி இருந்ததன் பலனைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மில் தரை எப்படிப் பளபளக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தக் கார்களுக்கு நடந்த சோதனையும் அந்த நாள் மாதிரிதான். ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் ஆராய்ச்சிக் கழகமும், சுத்தப் போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சிலும் சேர்ந்து, பல நாடுகளில் ஓடிய சுமார் 1 லட்சம் கார்களின் விவரத்தை 2020-ல் வெளியிட்டன. சோதனை விதி, 69 சதவிகித தூரம் மின்சாரத்தில் ஓடும் என்று அனுமானித்திருந்தது. சொந்தக் கார்கள் ஓடியது 37 சதவிகிதம். கம்பெனிக் கார்கள் 20 சதவிகிதம்.

2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில், குடித்த எரிபொருளைத் தானே குறித்துக்கொள்ளும் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தக் கணக்கை ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்கள் சர்டிபிகேட்டைவிடச் சுமார் 20 சதவிகிதம் அதிகப் புகை விடுகின்றன. பிளக்-இன் ஹைபிரிட் விடுவதோ சராசரியாக மூன்றரை மடங்கு!

சோதனை விதியின் அனுமானத்தை 2025-லிருந்து ஒரு படி குறைத்தார்கள். 2027-ல் இன்னொரு படி குறைப்பது என்றும் விதி செய்தார்கள். அந்த இரண்டாவது படி வேண்டாம் என்று ஐரோப்பிய மோட்டார் முதலாளிகளின் சங்கங்கள் 2025-ல் கேட்டன. மாணவர்களின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் கம்பெனிகளில் பல அந்தச் சங்கங்களின் அங்கத்தினர்கள்தான்.