மொட்டை மாடி டிஷ்: பக்கத்தில் துணி காயப்போடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் இருக்கும் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பஞ்சாயத்து. கீழே ஒரு ஏ.டி.எம். இருக்கிறது. அதற்காக மொட்டை மாடியில் ஒரு வெள்ளை டிஷ் வைத்திருக்கிறார்கள். துணி காயப்போடும் கொடி அதற்கு நேர் மேலே போகிறது. மூன்றாவது மாடி அக்காவுக்கு இது ஐந்தாவது மாதம். "இதிலிருந்து கதிர் வருமாமே, குழந்தைக்கு ஏதாவது ஆகிடுமா?" என்று கேட்டார். "அட போம்மா, நம்ம டி.டி.ஹெச். மாதிரிதான் இதுவும்" என்று முடித்துவிட்டார் செக்ரட்டரி அங்கிள்.

'நீதான் ரிப்போர்ட்டராச்சே' என்று கேஸ் என்னிடம் வந்தது. விசாரித்ததில், இருவர் சொன்னதிலும் பாதிதான் சரி.

டி.டி.ஹெச். டிஷ் வானத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஏ.டி.எம். டிஷ்ஷுக்கு வி-சாட் என்று பெயர். அது திருப்பி அனுப்பவும் செய்யும். அனுப்புவது எக்ஸ்-ரே வகைக் கதிர் இல்லை. மைக்ரோவேவ் அவனில் இருப்பதைப் போன்ற ரேடியோ அலை. அளவு மீறினால் உடம்பைச் சூடாக்கும். அவனுக்கு 800 வாட் என்றால், இந்தச் சின்ன டிஷ்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்தான்.

1.2 மீட்டர் டிஷ், 2 வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிஷ்ஷுக்கு நேர் எதிரே, அதிகபட்சமாக, சதுர மீட்டருக்கு சுமார் 7 வாட் வருகிறது. பொதுமக்களுக்கு சர்வதேச வரம்பு 10. ஆனால் நம் ஊரில் செல்போன் டவர்களுக்கு 2012 செப்டம்பரிலிருந்து அதில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் 7 அதிகம்தான். டிஷ்ஷுக்கும் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்கும் நடுவில் தலையை விடவே கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ நின்றால் அளவு பல மடங்கு குறைந்துவிடும்.

அலை போகும் திசையையும் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் சுமார் 70 டிகிரி, கிட்டத்தட்ட உச்சி வானம். (நார்வேயின் வடக்கில் இதே டிஷ் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்!) அதனால் கீழ் வீடுகளில் யாருக்கும் பயம் வேண்டாம். மாட்டுவது மேலே போகும் கொடியும், அதில் துணி போட நீளும் கையும்தான். ஈரப் போர்வை அலையை மறிக்கும். 'லிங்க் அடிக்கடி போகுது' என்று பேங்க்கிலிருந்து டெக்னீஷியன் இரண்டு தடவை வந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

இப்படி அனுப்புகிற கருவி எதற்கும் லைசென்ஸ் வேண்டும். 1933-ம் வருட வயர்லெஸ் சட்டத்திலிருந்தே அப்படித்தான். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு அலைவரிசையைக் கொடுக்கும். ஆன்டெனாவை அந்த இடத்தில் வைக்கலாமா என்று பார்ப்பது சாக்ஃபா கமிட்டி. தனியார் டி.வி.க்கள் வந்த புதிதில் இங்கிருந்து வானத்துக்கு அனுப்ப அவர்களுக்கு அனுமதியே இல்லை. கேசட்டுகள் விமானம் ஏறி வெளிநாடு போய், அங்கிருந்துதான் ஒளிபரப்பாகின. ஏ.டி.எம். விஷயத்தில் லைசென்ஸ் வி-சாட் கம்பெனியின் பொறுப்பு, வீட்டு ஓனருடையது இல்லை. ஆனால் 'சாக்ஃபா அனுமதி நம்பர் என்ன?' என்று ஓனரும் அசோசியேஷனும் கேட்கலாம். நாங்கள் பேங்க்குக்கு லெட்டர் எழுதிவிட்டோம்.

எழுதும்போது இன்னொரு வரியும் சேர்த்தேன். டிஷ் நிற்கும் சட்டத்தில் ஒரு போல்ட் துருப்பிடித்துப் பாதியாகிவிட்டது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றில் எதெல்லாம் பறக்கும் என்று. எனக்குக் கதிரைவிட அந்த போல்ட்டின் மேல்தான் பயம்.

கொடியை அன்று மாலையே தண்ணீர் டேங்க் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டோம். அக்கா பழையபடி மாடிக்கு வருகிறார். பேங்க்கிலிருந்துதான் இன்னும் பதில் இல்லை.