முதல் ரைபிள் செமி ஆட்டோமேட்டிக்காக இருக்க வேண்டியதில்லை

பூம்புகார், மேலையூர், திருவெண்காடு வட்டாரத்துப் பிள்ளைகள் இப்போது துப்பாக்கி சுடும் போட்டிகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கங்கள் வென்றபோது கிளம்பிய பேச்சு இது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்ததும் பேச்சு இன்னும் சூடுபிடித்தது. கடைமடைப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்ததில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் ஆசையோடு ஒரு தவறான யோசனையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "வாங்குறதே வாங்குறோம், முதல் ரைபிளே செமி ஆட்டோமேட்டிக்கா வாங்கிடணும். விலை குறைச்சலா, மக்கர் பண்ணாததா ஒண்ணு கிடைச்சா ஆயுசுக்கும் போதும்" என்கிறார்கள். டீக்கடையிலும் இதே பேச்சு, கல்லூரி வாசலிலும் இதே பேச்சு.

வெளிநாட்டு வீடியோக்களில் கேட்டது இது. அமெரிக்காவில் 1964 முதல் விற்பனையாகும் ரூகர் 10/22 என்ற, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பத்துத் தோட்டா செமி ஆட்டோமேட்டிக்கைத்தான் அங்கே பல வீடுகளில் பிள்ளைக்கு முதலில் வாங்கித் தருகிறார்கள். அந்த நாட்டுச் சட்டமும் சந்தையும் வேறு. நம் பிள்ளைக்கு அந்த யோசனை விளையாட்டுக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் பொருந்தாது, அப்பா சம்பா அறுத்து வைத்திருக்கும் காசுக்கும் பொருந்தாது.

"போட்டியில் சுட வேண்டுமானால் செமி ஆட்டோமேட்டிக்தான் வேண்டும்" என்பது முதல் வாதம். ஒலிம்பிக்கில் ரைபிளுக்கு இருப்பவை இரண்டே தூரங்கள்: 10 மீட்டர் ஏர் ரைபிள், 50 மீட்டர் மூன்று நிலை. இரண்டிலும் ஒவ்வொரு முறையும் கையால் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடும் ரைபிளுக்குத்தான் அனுமதி. இது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதி. செமி ஆட்டோமேட்டிக்கோடு போனால் ஆயுதப் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலையில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் கையால் போட்டதுதான். 2008-இல் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கமும் 2012-இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வாங்கிய வெண்கலமும் ஏர் ரைபிளில் வந்தவை. நமக்கு இன்னும் பக்கத்தில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையிலும் புடியான் இறுதிப் போட்டியிலும் தங்கம் வென்றதும் ஏர் ரைபிளில்தான்.

அடுத்து, "ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டால் சீக்கிரம் கை படியும்" என்கிறார்கள். இதைத்தான் நான் அதிகம் மறுக்க விரும்புகிறேன். தொடக்கக்காரருக்கு உண்மையிலேயே கெடுதல் செய்வது இந்த எண்ணம்தான்.

ஏர் ரைபிள் போட்டியில் 60 குண்டுகள், 75 நிமிடம். ஒரு குண்டுக்கு ஒன்றே கால் நிமிடம். அந்த நேரத்தில் வீரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ரைபிளை ஸ்டாண்டில் இறக்குகிறார். மூச்சை ஆற்றுகிறார். பெல்லட்டைப் போடுகிறார். கால்களின் நிலையைச் சரிபார்க்கிறார். தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதிக்கிறார். குறி அசைந்தால் சுடாமல் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குகிறார். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர், அச்சில் வைத்த முற்றுப்புள்ளி அளவு. அதை அடிக்கத் தேவையானது நிதானமும், டிரிகரை அதிராமல் பின்னுக்கு அழுத்தும் விரலும். செமி ஆட்டோமேட்டிக்கில் பத்துத் தோட்டாவைப் படபடவென்று அனுப்பும் பிள்ளைக்கு, மூன்றாவது தோட்டா ஏன் இடதுபக்கம் போனது என்று தெரியவே தெரியாது. சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடினானா, டிரிகரை வெடுக்கென்று இழுத்தானா என்று பார்ப்பதற்குள் நான்காவது போய்விடும். ஒவ்வொரு குண்டையும் கையால் போடும்போதுதான் முன் சுட்டதை யோசிக்க இடைவெளி கிடைக்கிறது. தப்புச் சுடலைப் பத்து முறை திருப்பிச் செய்தால் தப்புத்தான் பழக்கமாகும்.

விலை குறைந்த ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கும் இதில் ஒரு நல்ல குணம் உண்டு. டிரிகரை அழுத்தியதும் உள்ளே ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னுக்குத் தள்ளும். பெல்லட் குழாயை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் பின்னும் முன்னுமாக ஒரு குலுக்குக் குலுக்கும். இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். தளர்வாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்து, சுட்ட பிறகும் கண்ணைக் குறியிலேயே வைத்திருந்தால்தான் பெல்லட்டுகள் ஓரிடத்தில் சேரும். இதில் பழகிய கை பின்னாளில் போட்டி ரைபிளைத் தொடும்போது பாதிப் பாடம் ஏற்கனவே முடிந்திருக்கும்.

"லைசென்ஸ் எல்லாம் ஆளைப் பிடித்தால் ஆகிவிடும்" என்று சொல்பவர்கள் சட்டத்தைப் பார்த்ததில்லை. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த விதிகளின் அட்டவணை, கைத்துப்பாக்கி போன்ற சில நீங்கலாகச் செமி ஆட்டோமேட்டிக் ஆயுதங்களைக் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் வைத்திருக்கிறது. ஊரில் சாதாரணமாகக் கலெக்டர் ஆபீசில் மனுப்போட்டு வாங்கும் உரிமம் அதற்கு எட்டாது. சாதாரணத் துப்பாக்கி உரிமத்துக்கும் பொதுவாக 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. "ஒருத்தர்கிட்ட இருக்கு, கை மாத்தித் தர்றார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள். விளையாட்டு ஆசையில் போன பிள்ளை கோர்ட்டு வாசலில் நிற்கக் கூடாது.

திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை பக்கத்தில்தானே இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். 1966-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் ரைபிள்கள் ராணுவத்துக்கும் காவல்படைகளுக்கும் போகின்றன. பொதுமக்களுக்கான .22, .315 ரைபிள்களை மேற்கு வங்கத்து இஷாப்பூரில் செய்கிறார்கள். அவையும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகைதான், செமி ஆட்டோமேட்டிக் அல்ல.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு ஒன்று இருக்கிறது. குழாய் 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அளவுக்கு மேல் போகாமல், ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழே இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. பெரியவர் ஒருவர் அடையாளச் சான்றோடு முறையான கடையில் வாங்கலாம். கடைக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். "20 ஜூலுக்குக் கீழ் என்றால் பொம்மைத் துப்பாக்கிதானே?" என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒரு கணக்கு: ஒலிம்பிக்கில் பயன்படும் ஏர் ரைபிள் அரை கிராம் பெல்லட்டை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அதன் ஆற்றல் 8 ஜூலைக்கூடத் தொடுவதில்லை. உலகச் சாதனைகள் அந்த ஆற்றலில்தான் படைக்கப்படுகின்றன.

"மலிவானது நம்ப முடியாது, வெளிநாட்டுச் சரக்குதான் நிற்கும்" என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற போட்டி ரைபிள்கள் லட்சங்களில் விலை போவது காரணமில்லாமல் அல்ல. ஆனால் அவை மாநில, தேசிய அளவில் புள்ளிகளுக்காகப் போராடும் கட்டத்துக்கு உரியவை. உள்நாட்டில் செய்யும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஆயிரங்களில் கிடைக்கிறது. நம் தேசிய ரைபிள் சங்கப் போட்டிகளில் ஓபன் சைட் பிரிவு இருப்பதால், அதை வைத்துக்கொண்டே போட்டிக்கும் போகலாம். செமி ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொண்டால், .22 வகையில் தோட்டாவின் விசையிலேயே போல்ட் பின்னுக்குப் போய் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தோட்டா சற்றுப் பலவீனமாக இருந்தாலோ, மெழுகும் கரியும் உள்ளே படிந்தாலோ சிக்கிக்கொள்ளும். கையால் போடும் ரைபிளுக்கு அந்த வம்பே இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை சில. குழாயை மடித்து மூடிய பிறகு மூட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. பின்குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருக முடிய வேண்டும். ஸ்பிரிங்கும் பிஸ்டன் சீலும் தனியாக விற்கிறார்களா, யார் மாற்றித் தருவார்கள் என்று வாங்குமுன் கேளுங்கள். 10 மீட்டரில் மணல் மூட்டை மேல் தாங்கலாக வைத்து ஐந்து பெல்லட் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால், கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ரைபிள் தாராளமாகப் போதும். காற்று அடைத்த சிலிண்டரில் இயங்கும் பிசிபி வகை குலுக்கமில்லாமல் சுடும், உண்மைதான். ஆனால் அதற்குப் பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும், ஓ-ரிங் கசிந்தால் மாற்ற ஆள் வேண்டும். முதல் ரைபிளுக்கு அந்தச் செலவு வேண்டாம். அந்தப் பணத்தைப் பெல்லட்டில் போடுங்கள்.

நம் ஊரில் ரைபிளைக் கெடுப்பது விலை அல்ல, உப்புக்காற்று. பூம்புகார்க் கரையோரத்தில் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறதோ அதுதான் துடைக்காத குழாய்க்கும். வியர்வைக் கை பட்ட இரும்பை அன்றைக்கே எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெக்சின் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால் உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறிவிடும். அதற்காகச் சிலிண்டருக்குள் தேங்காய் எண்ணெயையோ மெஷின் ஆயிலையோ ஊற்றிவிடாதீர்கள். காற்று அழுந்தும் சூட்டில் எண்ணெய் உள்ளேயே பற்றி வெடித்து சீலைப் பொசுக்கிவிடும். பெல்லட் போடாமல் வெறும் ரைபிளைத் தட்டினாலும் பிஸ்டன் அடிபடும். பெல்லட் ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

"வயலில் கொக்கு, மயில், பன்றித் தொல்லைக்கும் உதவுமே" என்று சிலர் மெல்லச் சொல்கிறார்கள். உதவாது, கூடாது. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். மயிலைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொக்கும் மடையானும் சேற்றில் புழுவையும் நண்டையும் பொறுக்கித் தின்று நமக்கு நல்லது செய்கிறவை. ஏர் ரைபிள் பெல்லட் அவற்றை ஒரேயடியாகக் கொல்லாமல், காயத்தோடு எங்கோ வரப்போரம் கிடந்து சாக விடும். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அருகியதைப் பார்த்து 2021-இல் அரசே ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது. மக்கள் தாங்களாக முன்வந்து கொடுத்தார்கள். பறவையைக் குறிவைக்கும் எண்ணம் இருப்பவர் ஏர் ரைபிள் வாங்கவே வேண்டாம்.

"இங்கே எங்கே போய்ப் பழகுவது?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது. பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் முதலில் அங்கே சேருங்கள். குப்புறப் படுத்து .22 ரைபிளில் குரூப்பிங் அடிக்கச் சொல்லித் தருவார்கள். குடும்பத்துக்கு ஒரு பைசா செலவில்லை. மயிலாடுதுறையில் ரயில் ஏறினால் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போய்விடலாம்; அங்கே ரைபிள் கிளப் இருக்கிறது. மாதம் ஒருமுறை பயிற்சியாளர் பார்த்துத் திருத்தினாலே போதும், மீதிப் பயிற்சி வீட்டில். ரேழி, கூடம், முற்றம் தாண்டிக் கொல்லை வரை நேராக ஓடும் பழைய வீட்டில் 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். பின்னால் கெட்டிச் சுவரும் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியும் வேண்டும். பக்கக் கதவுகள் எல்லாம் தாழிட்டிருக்க வேண்டும். கூடப் பெரியவர் ஒருவர் இல்லாமல் ரைபிளை வெளியே எடுக்கவே கூடாது. சுட்டு முடிந்ததும் ரைபிள் ஒரு பூட்டுக்குள், பெல்லட் வேறொரு பூட்டுக்குள்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளை கேட்டதும் ரைபிள் வாங்க ஓடாதீர்கள். முதலில் என்.சி.சி.யிலோ கிளப்பிலோ அவர்களுடைய ரைபிளில் சில மாதம் சுடட்டும். ஆசை நிலைத்தால், உரிமம் தேவைப்படாத .177 ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்றை ரசீதோடு உங்கள் பெயரில் வாங்குங்கள். செமி ஆட்டோமேட்டிக்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் மீதியிருக்கும். அது பெல்லட்டுக்கும், ரயில் டிக்கெட்டுக்கும், பயிற்சியாளர் கட்டணத்துக்கும் போகட்டும்.