வீரக் கதையாகிப் போன தட்டுப்பாடு

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் 1990 பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஜாம் போத்தல் விளக்கு வந்துவிடும். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட திரி. பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் வரும்; ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலால் பீச்சிய பெற்றோல். சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட பிபிசி தமிழோசையும் வராமல் போகாது. எங்கள் ஊரான மருதனார்மடத்துச் சந்தியிலும் இந்தக் கதைகளுக்குக் குறைவில்லை. நன்றாகவே சொல்லுவோம். பிள்ளைகளுக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கவனித்துப் பார்த்தால், இவை எல்லாமே அவரவர் வீட்டுக் கெட்டித்தனம். அந்த ஜூனில் சண்டை மறுபடி மூண்டு, மின்சாரம் நின்று, எரிபொருளும் பற்றரியும் யூரியாவும் தடைப்பட்டியலில் ஏறியபோது அவரவர் தப்பிய விதம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டு, கப்பலைப் பார்த்திருந்த காலத்திலும் அப்படித்தான். இரண்டு முடக்கத்தைக் கண்ட ஊர் பாதை திறந்த பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? எத்தனை நாளைக்கு அரிசி கையில் இருக்க வேண்டும், ஒரு போக இறைப்புக்கு எவ்வளவு மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரி ஜெனரேற்றருக்கு டீசல் எங்கிருந்து வரும் என்று ஒரு கொப்பியிலாவது எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை. 2009க்குப் பிறகு லொறி லொறியாகச் சாமான் வந்தது. எங்கள் போர் முடிந்ததும் உலகத்துப் போரெல்லாம் முடிந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டோம்.

2022 பெப்ரவரியில் உக்ரேனில் குண்டு விழுந்தது. நாட்டின் டொலர் கையிருப்பு அதற்கு முன்பே கரைந்திருந்தது. 2021 இல் ஒரே இரவில் வந்த இரசாயன உரத்தடை கமத்தை ஏற்கெனவே முறித்திருந்தது. அந்த இரண்டும் கொழும்பின் கணக்கு, அதை எங்கள் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் வரிசையில் நாங்கள் நடந்துகொண்ட விதம் எங்கள் கணக்கு. வலிகாமத்தில் வற்றாத ஆறு கிடையாது, கிணற்றுத் தண்ணீரில்தான் செம்மண் விளைகிறது. மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் நின்றால் வெங்காயப் பாத்தி வாடும். வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடு கள்ள விலைக்கு வாங்கி இறைத்தது. இல்லாத வீடு பார்த்துக்கொண்டு நின்றது. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். ஓடாமல் கிடந்த மோட்டார் சைக்கிளுக்கும் அட்டை எடுத்து அந்த 4 லீற்றரை விற்றவர்கள் எங்கள் அயலட்டைதான், வாங்கியவர்களும் நாங்கள்தான். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அரசாங்கத்தைத் திட்டினோம், அதற்கு நியாயமும் இருந்தது. 2023 செப்டெம்பர் 1 இல் கியூஆர் முறை நீங்கியது. அன்றோடு எங்கள் பேச்சும் நின்றது.

தூரத்துப் போர் எங்கள் அடுப்படிக்கு வருவது புதிதும் அல்ல. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்ததும் மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த பிள்ளைகளின் மணியோடர் நின்றது. மார்ச்சில் ரங்கூன் போனது, பர்மா அரிசியும் போனது. கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊரூராக முளைத்தது அந்த நெருக்கடியில்தான். அப்படிப் பார்த்தால் சங்கக்கடையே அந்நியப் போர் ஒன்று எங்களுக்கு விட்டுப்போன சொத்து. 1990களில் நிவாரண அரிசியும் அதன் வாசலில்தான் கிடைத்தது. இப்போது சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு எங்களில் எத்தனை பேர் போகிறோம்? குளிரூட்டிய கடையில் சாமான் வாங்குவது குற்றமல்ல. ஆனால் அந்தக் கடைக்கு லொறி வராத நாளில் எங்கே போவோம் என்று யோசிக்காமல் சங்கக்கடையைச் சாகவிட்டோம்.

1973ஐ வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறோம். அந்த ஒக்டோபரில் மத்திய கிழக்கில் மூண்ட போரால் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நாலு மடங்கானது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ் எங்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தங்க விலை. கல்வீடு கட்டினோம், பொற்காலம் என்கிறோம். அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பிழைக்க வழியில்லாமல் வன்னிக்கு இறங்கி வந்தவர்களைக் கூலியாக வைத்தோம். பொற்காலக் கதையில் அவர்களுக்கு ஒரு வரிகூட நாங்கள் கொடுத்ததில்லை.

எண்ணெய் சேமிப்பு என்று பேசினால் எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடமும் உண்டு. அடுத்த ஊர் சுன்னாகம். அங்கே மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. எங்களுக்கு நீர்த்தேக்கம் காலுக்குக் கீழே இருக்கிறது. எண்ணெயைக் கண்ட இடத்தில் பீப்பாயில் வைத்தால் போர் வராமலே குடிதண்ணீர் போய்விடும். எங்கே, எந்தத் தளத்தின் மேல், யார் பொறுப்பில் எரிபொருள் வைப்பது என்பது பொறியியலாளர் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய வேலை. நாங்களோ வாளியில் தண்ணீர் அள்ளி மணந்து பார்த்தோம், போராடினோம், தீர்ப்பு வந்தது, கலைந்தோம்.

திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகக் காட்டுக்குள் கிடந்தன. 2022 ஜனவரியில் அவை பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது, யாருக்கு விற்கிறார்கள் என்று கேட்டு நாளைப் போக்கினோம். அதில் எவ்வளவு எண்ணெய் எங்கள் மாகாணத்துக்கு என்று கேட்டவர்களைக் காணவில்லை.

இனி, மிகவும் வெட்கப்பட வேண்டிய இடம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மாகாண நிரலில் பொலிசும் காணியும் இருக்கின்றன. அவற்றுக்காகக் கதைத்தோம், கதைக்கத்தான் வேண்டும்; காணி பறிபோனவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அதே நிரலில் மாகாணத்துக்குள் உணவு வழங்கலும் விநியோகமும், சந்தைகளும், கூட்டுறவும், விவசாயமும் இருக்கின்றன. 2013 செப்டெம்பரில் பெருவாரியாக வாக்களித்து வட மாகாண சபையை அமைத்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அந்த ஐந்து வருடத்தில் களஞ்சியம் எங்கே, விதை எங்கே என்று சபை வாசலில் போய் நின்ற ஓர் ஊர்வலத்தையாவது நாங்கள் நடத்தினோமா? கொழும்பு தராததைக் கேட்பதில் இருந்த சுகம், கையில் இருந்ததைச் செய்யச் சொல்வதில் இருக்கவில்லை. சபை கலைந்த பிறகு அதற்கும் ஆளில்லை. ஆளுநருக்கு மனுக் கொடுக்கிறோம்.

களஞ்சியம் இல்லாததன் விலையை மருதனார்மடம் சந்தை எங்களுக்கு ஒருமுறை காட்டியது. 2020 டிசம்பரில் அங்கே கொரோனாக் கொத்தணி பரவி, சந்தையைப் பூட்டினார்கள். ஒரு சந்தை பூட்டியதும் தோட்டக்காரர் கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். திறந்த பிறகு அந்தச் சந்தையைப் பற்றி நாங்கள் பிடித்த சண்டை தோட்டக்காரரிடம் வெட்டிய நூற்றுக்குப் பத்துக் கழிவு பற்றியது. நியாயமான சண்டைதான். குளிர்க் களஞ்சியத்துக்கு ஒரு சண்டையும் பிடிக்கவில்லை. விதை உருளைக்கிழங்கு இன்னும் கடல் தாண்டித்தான் வருகிறது.

மின்சாரத்திலும் இதே கதைதான். 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க மின்சாரம் போனதற்கு அமைச்சர் பாணந்துறைக் குரங்கு ஒன்றைக் காரணம் காட்டினார். ஆஞ்சநேயர் கோயில் வைத்திருக்கும் ஊர்க்காரர் குரங்கில் பிழை சொல்ல முடியாது. கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் அன்றுதான் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: பற்றரி இல்லாவிட்டால், மெயின் லைன் போகும்போது தகடும் சேர்ந்து நின்றுவிடும்.

2024 இல் உலக எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் போனது. நாட்டிலுள்ள ஒரே சுத்திகரிப்பு ஆலையான சப்புகஸ்கந்த, ஈரானிய மசகு எண்ணெயை நம்பி 1969 இல் எழுந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் அடிபட்ட செய்தி வந்தபோது பிரதேச சபையிடமோ செயலகத்திடமோ எங்களில் யாரும் கேள்வியோடு போகவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனோம், தாங்கியை நிரப்பினோம், கானிலும் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டோம்.