குழாய் உடைந்த இரவில் வால்வு திரும்பவில்லையா?

கேள்வி: ‘‘மாடியில் 1,000 லிட்டர் தொட்டி இருக்கிறது. போன மாதம் நள்ளிரவில், தொட்டியிலிருந்து இறங்கும் பி.வி.சி குழாய் உடைந்துவிட்டது. கேட் வால்வைத் திருப்ப முடியவில்லை. விலைக்கு வாங்கி நிரப்பிய தண்ணீர் மொத்தமும் வீணானது. பிளம்பர் வருவதற்குள் வீட்டில் இருப்பவர்களே என்ன செய்யலாம்?’’

- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: குழாய் உடைவது எந்த வீட்டிலும் நடக்கும். அந்த நேரத்தில் வால்வு திரும்பாததுதான் இழப்புக்குக் காரணம்.

மோட்டார் ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். சுவிட்ச் போர்டு பக்கம் தண்ணீர் தெறித்தால், ஈரமில்லாத கையால் மெயினை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு மெயினைத் தொடக் கூடாது.

இறுகிய வால்வை ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும். உடைந்த இடத்தையே அடைத்துவிடலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம். மாடித் தொட்டி 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அரைக் கிலோகூட வராது. கையாலேயே அடக்கிவிடலாம்.

குழாய் துண்டாகியிருந்தால், ஒரு மரக்குச்சியைக் கூராகச் சீவி, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, தொட்டிப் பக்கத்து முனையில் திருகி இறுக்குங்கள். சுத்தியலால் அடித்தால் குழாய் மேலும் பிளக்கும். விரிசல் மட்டும் என்றால், டியூபை நீளப் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்துப் பிடித்து, விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தாண்டிச் சுற்றிக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். காலை வரை தாங்கும். மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே அழுத்தம் அதிகம். மோட்டாரை நிறுத்தினால் போதும்.

காலையில் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடங்களில் பிடித்துவிட்டு, பழுதான பகுதியை ரம்பத்தால் நேராக வெட்டி எடுங்கள். பிசிறு நீக்கி, ஈரம் போகத் துடைத்து, கப்ளர் வைத்து சால்வென்ட் போட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. இரண்டு பக்கமும் அசையாத குழாய் என்றால் ஒரு பக்கம் யூனியன் போடுங்கள். பி.வி.சி-க்கும் சி.பி.வி.சி-க்கும் சால்வென்ட் வேறு வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாள் காய விட்டுத் தண்ணீர் திறப்பது நல்லது. வெயில்படும் குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள்.

இனி வால்வு. உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் கேட் வால்வின் உள்ளே உப்புப் படிந்து இறுகிவிடும். அதைக் கழற்றிவிட்டு, தொட்டியின் வாயிலேயே பால் வால்வு போடுங்கள். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடிக்கொள்ளும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்காக இருந்தால் அடைப்பு. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

புது வால்வும் தொடாமல் விட்டால் இறுகிவிடும். அமாவாசைக்கு அமாவாசை என்று கணக்கு வைத்து, ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். கப்ளர், எண்ட் கேப், சால்வென்ட், ரம்பம், டியூப் பட்டை, டார்ச் லைட் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு மாடிப்படி அருகில் வையுங்கள். வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.