காதுக்கு அளவு பார்த்தீர்களா?

செருப்பு வாங்கப் போனால் காலை நுழைத்து நாலடி நடந்து பார்க்கிறோம். காதில் செருகும் இயர்போனை மட்டும் அட்டைப் பெட்டியைப் பார்த்தே வாங்கி வந்துவிடுகிறோம்!

நானும் அப்படித்தான், மயிலாடுதுறைக் கடைத்தெருவில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். வீட்டிலே நாதஸ்வரக் கச்சேரி வைத்தேன். நாதஸ்வரம் கீச்சிட்டது, தவிலில் வலந்தலை மட்டும் கேட்டது, தொப்பியைக் காணோம்! கடைக்காரரை மனத்துக்குள் வைதேன்.

பெட்டியின் மூலையில் சிலிகான் குமிழ்கள் கிடந்தன. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு. பெரியதை மாட்டினேன். தொப்பி திரும்பி வந்துவிட்டது! காதுக்கும் குமிழுக்கும் இடையே சந்து இருந்தால் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் ஒழுகிப் போகும். இரு காதும் ஒரே அளவு என்பதும் இல்லை. எனக்கு வலக்காதுக்கு நடுத்தரமே சரி.

"சத்தத்தைக் கூட்டினால் போயிற்று" என்பார்கள். அங்கேதான் ஆபத்து. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல்தான் வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 ஆனால் நாலே மணி நேரம்! கும்பகோணம் பஸ்ஸின் இரைச்சலை மீறப் பாட்டை உயர்த்தும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது?

'பாஸ்' கூட்டிய ரகங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் தியாகராஜ பாகவதர் பிறந்த ஊர் இது. அவர் குரலே அதில் குடத்துக்குள்ளிருந்து வருகிறது!

கடைக்காரர்கள் மாதிரிக்கு ஒன்றைப் பிரித்து வைத்து, குமிழை ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுக்கட்டும். வாங்குகிறவர் தம் காதில் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டுமே!