ஒரு டிரவுசருக்கு ஊரே சம்மதித்தது எப்படி? கேரள கிராமப் பள்ளி ஒன்றின் கதை

கும்பளங்கி என்றதும் உங்களுக்கு 2019-ல் வந்த அந்த மலையாளப் படம்தான் ஞாபகத்துக்கு வரும். கொச்சிக்குப் பக்கத்தில் காயல் சூழ்ந்த அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. 2022 ஜனவரியில், நாட்டின் முதல் சானிட்டரி நாப்கின் இல்லாத கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. ஆளுநர் மேடையில் அறிவித்தது ஒரு நாள் நியூஸ். அதற்கு முன்பே பெண்களுக்கு மாதவிடாய்க் கோப்பைகள் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சியும் நடந்தது. அந்த வேலைதான் பெரிசு.

அதே எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரும்பாவூர் பக்கம் வளையன்சிறங்கரா என்று ஒரு ஊர். அங்கிருக்கும் அரசு எல்.பி. ஸ்கூல் நூறு வயதைத் தாண்டியது. அது செய்ததும் இதே மாதிரி ஒரு வேலைதான்.

அப்படி என்ன செய்தார்கள்?

பையன், பெண் எல்லாருக்கும் ஒரே சீருடை: சட்டை, முழங்கால் வரை டிரவுசர். 2018-லேயே திட்டம் தொடங்கிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் பள்ளிகள் திறந்தபோதுதான் நாடு முழுக்கப் பேசப்பட்டது. காரணம் ரொம்ப சிம்பிள். பாவாடையோடு ஓடி விளையாடுவது பெண் குழந்தைகளுக்குச் சிரமம், கழிப்பறை போவதும் சிரமம். தலைமை ஆசிரியர் தொடங்கிவைக்க, பெற்றோர் ஆசிரியர் கழகம் பேசி முடிவெடுத்தது. திருவனந்தபுரத்திலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை.

"டிரவுசர்தானே, இதுல என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன் மாணவிகளுக்கு பேன்ட், சட்டையைக் கொண்டுவந்தது. தலையில் துணி அணியலாம், முழுக்கை சட்டை போடலாம் என்ற வசதியும் இருந்தது. ஆனாலும் தொடக்க நாளிலேயே முஸ்லிம் அமைப்புகள் போராட்டத்தில் இறங்கின. விவாதம் மாநிலம் முழுக்கப் பரவியது. கடைசியில் 2022 ஆகஸ்டில் முதல்வர் பினராயி விஜயன், எந்த உடையையும் அரசு திணிக்காது என்று சட்டமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது.

அங்கே அமைதி, இங்கே சண்டை. ஏன்?

வயது முக்கியமான காரணம். நான்காம் வகுப்புக் குழந்தையின் டிரவுசரும் பதினாறு வயசுப் பெண்ணின் பேன்ட்டும் வீட்டுப் பெரியவர்கள் கண்ணுக்கு ஒன்றல்ல. ஆனால் வயதை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது என்பது என் கருத்து. வளையன்சிறங்கராவில் மாற்றம் பள்ளிக்கூட வாசலுக்குள்ளேயே பேசி முடிந்தது. வெளியூருக்குத் தெரிய மூன்று வருஷம் ஆனது. பாலுசேரியில் அமைச்சர் தொடங்கிவைத்தார், முதல் நாளே கேமராக்கள் வந்துவிட்டன. கேமரா முன்னால் நிற்கும்போது பெற்றோர் பெற்றோராகப் பேச முடியாது, ஏதோ ஒரு தரப்பாகிவிடுகிறார்கள்.

எதிர்ப்பாளர்கள் கேட்ட ஒரு கேள்வியை ஒதுக்கிவிடவும் கூடாது: சமத்துவம் என்றால் பெண்கள் மட்டும் ஆண்கள் உடைக்கு மாறணுமா? நியாயமான கேள்விதான். பேன்ட் வேண்டாம் என்று ஒரு மாணவி சொன்னால் அவளுக்கு வேறு வழி இருக்கிறதா என்பதை வைத்தே எந்தச் சீருடையையும் எடைபோட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் விகிதப்படி இடம். காகிதத்தில் இது நாடு முழுக்க இருக்கிறது. வளையன்சிறங்கராவுக்கு மட்டும் கிடைத்த வரம் இல்லை. பல ஊர்களில் இந்தக் குழு கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் கூடும், அவ்வளவுதான்.

தமிழ்நாடு 2022-ல் சுமார் 37,000 அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தது. குழுவுக்கு 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான். 2024-ல் மறுபடி அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. கூடுதலாகச் சேர்க்கப்பட்டவர்கள் முன்னாள் மாணவர்கள்.

நீங்கள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் அந்த முன்னாள் மாணவர் இடங்களில் யார் இருக்கிறார்கள், கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.